பரங்கிமலைத் தோமையார் திருத்தலம்: மரபையும் வரலாற்றையும் இளையோருக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: மறையாசிரியை, திருகோணமலை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்கின் இளையோர் இவ்வாண்டு டிசம்பரில் வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை செல்லவிருக்கிறார்கள். அதையொட்டிச் சென்னையில் சாந்தோம் பேராலயத்தையும் பரங்கிமலைத் திருத்தலத்தையும் தரிசிப்பதற்கு ஏற்பாடாகியிருக்கிறது. புறப்படுவதற்கு முன் பரங்கிமலையைப் பற்றி அவர்களுக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பைப் பங்குத்தந்தை என்னிடம் தந்திருக்கிறார்.

சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் நான் கேட்டது இதுதான். ஆண்டவரின் திருத்தூதரான தோமையார் கி.பி. 52இல் கேரளக் கரையில் வந்திறங்கினார். பிறகு மயிலாப்பூருக்கு வந்து போதித்தார். 72ஆம் ஆண்டில் இந்த மலையில், தாமே கல்லில் செதுக்கிய சிலுவையின் முன் செபித்துக்கொண்டிருந்தபோது ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். அந்தச் சிலுவை பிற்காலத்தில் இரத்தம் வியர்த்தது. புனித லூக்கா வரைந்த மாதா படமொன்றையும் தோமையாரே கொண்டுவந்தார். இவற்றை நான் பக்தியோடு கேட்டேன், இன்றும் மதிக்கிறேன். ஆனால் இன்று என் முன் அமர்ந்திருப்போரில் பலர் உயர்தரத்தில் வரலாறு கற்பவர்கள். அவர்களுடைய கேள்விகளைப் பக்தியின் பெயரால் அடக்கிவிட எனக்கு மனமில்லை.

அவர்கள் கேட்பவை இவை. தோமையாரின் எலும்புகள் இத்தாலியில் இருக்கின்றன என்றால் மயிலாப்பூரில் இருப்பது என்ன? மலை ஆலயம் 1523இல் கட்டப்பட்டது என்று ஓரிடத்திலும் சிலுவை 1547இல் கிடைத்தது என்று இன்னோரிடத்திலும் படிக்கிறோமே, ஆலயம் முதலா, சிலுவை முதலா? சிலுவையைச் சுற்றி எழுதப்பட்டிருப்பது எந்த மொழி? என்னுடன் கற்பிக்கும் சைவ ஆசிரியை ஒருவரும் ஒன்று கேட்டார்: கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அங்கும் ஒரு கோயிலை இடித்துத்தான் ஆலயம் எழுப்பினார்களா? அதற்கும் நேர்மையான பதில் சொல்ல விரும்புகிறேன். அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், உப்புவெளி

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கேட்டிருப்பவற்றை ஒரே கதையாகச் சொல்ல முயன்றால் எங்காவது முட்டும். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மக்களிடையே உருவான செய்திகளே பின்னர் இந்த மலையில் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு செய்தியையும் அது முதன்முதலில் எங்கே, எப்போது பதிவானது என்ற விவரத்தோடு சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் மாணவர்களின் நம்பிக்கை கெடாது, வரலாற்றுக்கும் ஊறு வராது.

மிகப் பழைய எழுத்துச் சான்று சிரியாக் மொழியில் எழுந்த ‘தோமாவின் பணிகள்’ என்னும் நூல். அது 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. திருமறை நூல்களின் வரிசையில் சேராதது. தோமையார் கொண்டபாரஸ் என்ற அரசனுக்கு மாளிகை கட்ட இந்தியாவுக்கு வந்ததாகவும், இறுதியில் மஸ்தாய் என்ற வேறொரு அரசனின் ஆணையால் நகருக்கு வெளியே ஒரு மலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு நான்கு படைவீரர்களின் ஈட்டிகளால் உயிர் நீத்ததாகவும் அது சொல்கிறது. கொண்டபாரஸ் கற்பனைப் பெயர் அல்ல என்பதை 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவில் கிடைத்த நாணயங்கள் காட்டின. அவன் 1ஆம் நூற்றாண்டில் தட்சசீலப் பகுதியை ஆண்டவன். மலை, ஈட்டி, அரசனின் சினம் ஆகிய மூன்றும் இவ்வளவு பழைய நூலிலேயே வந்துவிடுகின்றன என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். அதே வேளை அந்த நூல் மயிலாப்பூரின் பெயரைச் சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எலும்புகளைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித எப்ரேம், தோமையாரின் திருப்பண்டங்கள் வணிகர் ஒருவரால் இந்தியாவிலிருந்து, இன்றைய துருக்கியில் உள்ள எதேசா நகருக்குக் கொண்டுவரப்பட்டதாகப் பாடியிருக்கிறார். அவை அங்கிருந்து கியோஸ் தீவுக்குச் சென்று, 1258இல் இத்தாலியின் ஓர்த்தோனாவை அடைந்தன. ஆகவே மயிலாப்பூரில் இருப்பது அவர் முதலில் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு போற்றும் கல்லறை. ஓர்த்தோனாவில் இருப்பவை அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்டதாக மரபு கூறும் எலும்புகள். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

மயிலாப்பூரை நேரடியாகச் சுட்டும் வெளிநாட்டார் குறிப்புகள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தெளிவாக வருகின்றன. பிரான்சிஸ்கன் துறவி மொந்தேகோர்வினோ யோவான், சீனாவுக்குச் செல்லும் வழியில் இந்தியாவில் 13 மாதங்கள் தங்கி, தோமையார் ஆலயம் இருந்த நாட்டில் ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அதே காலத்தில் அக்கரையோரம் வந்த மார்க்கோ போலோ, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அந்தச் சமாதிக்கு யாத்திரை வருவதையும் அங்குள்ள செம்மண்ணை நோய் தீர்க்க எடுத்துச் செல்வதையும் எழுதினார். இவர் சொல்லும் கதையில் ஈட்டி இல்லை. தோமையார் காட்டில் செபித்துக்கொண்டிருக்கையில், மயில் ஒன்றை நோக்கி வேடன் ஒருவன் விட்ட அம்பு தவறிப் பட்டு இறந்தார் என்பதே அவர் கேட்ட கதை. இரு கதைகளையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். மரபு எப்படி ஊருக்கு ஊர் நிறம் மாறுகிறது என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வார்கள்.

போர்த்துக்கேயர் வந்த காலத்து எழுத்தாளர் துவார்த்தே பர்போசா குறித்துவைத்த செய்தி ஒன்று என் மனத்துக்கு மிக நெருக்கமானது. சிதைந்து கிடந்த அந்தச் சமாதியில் விளக்கேற்றி, அதற்காகப் பிச்சை பெற்றுப் பராமரித்து வந்தவர் ஒரு முஸ்லிம் பக்கீர். நம் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி ஆண்டுகள். 1517இல் ஆர்மேனிய வணிகர்கள் போர்த்துக்கேயருக்குச் சமாதி இருந்த இடத்தைக் காட்டினார்கள். 1523இல் மயிலாப்பூர்க் கடற்கரைச் சமாதியைத் தோண்டித் திருத்தும் வேலை நடந்தது; மலை ஆலயத்தின் தொடக்கத்தையும் அதே ஆண்டில் வைத்துச் சொல்வது திருத்தலத்தின் வழக்கு. 1547இல் மலையுச்சியில் கட்டடத்துக்காக அத்திவாரம் தோண்டியபோது சிலுவை செதுக்கிய கல் வெளிப்பட்டது. மலையடிவாரத்து வளைவு வாயிலிலும் அந்த ஆண்டே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் மாணவர்கள் காணப்போகும் ஆலயம் சிலுவையை மையமாகக் கொண்டு அமைந்தது என்று சொல்வதே பொருத்தம். இந்த 1547ஐ இன்னொரு ஆண்டோடு சேர்த்துப் பாருங்கள். நம் மறைமாவட்டத்தில் நெடுங்காலம் பணியாற்றிய இயேசு சபையின் முதல் மறைபரப்பாளரான புனித பிரான்சிஸ் சவேரியார், மன்னார் மறைசாட்சிகள் உயிர்விட்டதற்கு அடுத்த ஆண்டாகிய 1545இல், மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கித் தோமையாரின் சமாதியருகே செபித்துவிட்டு மலாக்காவுக்குப் புறப்பட்டார். அவர் அங்கிருந்தபோது அந்தச் சிலுவை இன்னும் மண்ணுக்குள்தான் இருந்தது.

சிலுவையைச் சுற்றியுள்ள எழுத்து பகலவி. அதாவது இஸ்லாத்துக்கு முற்பட்ட பாரசீகத்தில் வழங்கிய எழுத்தும் மொழியும். போர்த்துக்கேயர் காலத்தில் விசயநகர நாட்டு அந்தணர் ஒருவரை அழைத்து வாசிக்கச் சொன்னார்கள். அவர் தோமையாரின் வரலாறு முழுவதும் அதில் இருப்பதாக நீண்டதொரு கதையைச் சொன்னார். கல்லில் உள்ள எழுத்துகளோ ஒரு சிறு வாக்கியத்துக்கு மேல் வராதவை. 1873இல் பர்னல் என்ற ஆங்கிலேய அதிகாரிதான் அது பகலவி என்று அறிந்து ஒரு வாசிப்பை வெளியிட்டார். அதன் பிறகு அறிஞர்கள் பலவாறு வாசித்திருக்கிறார்கள். அவற்றுள் வின்க்வர்த் என்பவரின் வாசிப்பு பெரிதும் எடுத்தாளப்படுகிறது: சகார்புக்த் என்பவரின் மகனும் இதைச் செதுக்கியவனுமாகிய அப்ராசின்மேல் இரங்கும்படி ஆண்டவராகிய கிறிஸ்துவிடம் கேட்கும் மன்றாட்டு அது. கல்லின் காலத்தை அறிஞர்கள் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டுக்கும் 9ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் வைக்கிறார்கள். இதே எழுத்தைத் தாங்கிய சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம், கடமற்றம், முட்டுச்சிறை ஆகிய இடங்களிலும் இருக்கின்றன.

எனவே தோமையாரே தம் கையால் செதுக்கினார் என்பதை மரபாகச் சொல்லுங்கள். கல் தரும் சான்று அவருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது என்பதையும் கூடவே சொல்லுங்கள். இதனால் அந்தச் சிலுவையின் பெருமை குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. போர்த்துக்கேயர் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழ்க்கரையில் ஒரு கிறிஸ்தவக் குடி இருந்தது, அது மலையேறி வழிபட்டது, தன் பிழைகளுக்காக மன்றாடியது என்பதற்கு அந்தக் கல்லைவிட உறுதியான சாட்சி அந்த மலையில் வேறு இல்லை. கிறிஸ்தவம் ஐரோப்பியர் கொண்டுவந்த சமயம் என்று நம் பிள்ளைகளே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அந்தக் கல்லின் முன் நின்று அதன் வயதை அறிய வேண்டும்.

பதில்: சென்னையில் சில காலம் வாழ்ந்தவர், பாலையூற்று

ஐயா எழுதியதற்குப் பிறகு வரலாற்றில் நான் சேர்க்கக்கூடியது அதிகமில்லை. இடம்பெயர்ந்து தமிழ்நாட்டில் இருந்த காலத்தில் அந்த மலைக்கு அடிக்கடி போய்வந்தவன் என்ற முறையில், பிள்ளைகள் அங்கே கவனிக்க வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

மலை ஏறத்தாழ 300 அடி உயரம்தான். வாகனம் மேலே செல்லப் பாதை உண்டு. ஆனாலும் முடிந்தவர்கள் படிவழியே ஏறட்டும். ஏறத்தாழ 160 படிகள். வழிநெடுக 14 சிலுவைப்பாதை நிலைகள். அந்தப் படிகளைக் கட்டிக்கொடுத்தவர் பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். பாரசீகத்தின் யூல்பாவிலிருந்து வந்து சென்னையில் வாழ்ந்து, 1751இல் அங்கேயே இறந்தவர். மலைக்கு வரும் யாத்திரிகர்கள் அடையாற்றைக் கடக்க அல்லற்படுவதைக் கண்டு, 1726இல் சைதாப்பேட்டையில் தம் செலவில் பாலமும் கட்டினார். அந்தப் பாலத்தின் இடத்தில்தான் இன்று மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. பழைய பாலத்தின் நினைவுக் கல் இன்னும் அதனருகே நிற்கிறது. அவசரத்தில் போகிறவர்கள் அதைக் காண்பதில்லை. 1517இல் சமாதியைக் காட்டியவர்களும் ஆர்மேனியர், இரு நூறு ஆண்டுகளுக்குப் பின் படியும் பாலமும் கட்டியவரும் ஆர்மேனியர் என்பதை இப்போது ஐயாவின் குறிப்போடு சேர்த்துப் பார்க்கும்போதுதான், அந்தச் சிறு சமூகம் தோமையார்மேல் கொண்டிருந்த பற்று எவ்வளவு நீண்டது என்று எனக்கு விளங்குகிறது.

வழியில் சைதாப்பேட்டையிலேயே சின்னமலை இருக்கிறது. தோமையார் தம்மைத் துரத்தியவர்களிடமிருந்து ஒளிந்திருந்த குகையும், அவர் செபத்தால் பாறையில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஊற்றும் அங்கே உள்ளன. போர்த்துக்கேயர் 1551இல் அங்கு ஓர் ஆலயம் கட்டினார்கள். மரபின்படி அவர் போதித்தது, ஒளிந்தது, இறந்தது, அடக்கமானது ஆகிய எல்லாம் சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை என்ற மூன்று இடங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே மூன்றையும் ஒரே நாளில், சின்னமலை முதலும் சாந்தோம் கடைசியுமாகப் பார்ப்பது நல்லது. நேரம் போதாது என்று சின்னமலையை விட்டுவிடுகிறவர்கள் பலர். அந்தக் குகைக்குள் குனிந்து போகிற அனுபவம் பிள்ளைகளுக்கு வேறெங்கும் கிடைக்காது, அதை விடவேண்டாம்.

மலை ஆலயம் சிறியது. குழந்தை இயேசுவின் பிறப்பை எதிர்பார்த்திருக்கும் மாதாவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சிலுவைக் கல் நடுப்பீடத்துக்கு மேலே சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. கூட்டமான நேரத்தில் பின்னால் நின்றால் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியா, காலையிலேயே போய்விடுங்கள். லூக்கா வரைந்ததாக மரபு கூறும் மாதா படமும் அங்கேயே வைக்கப்பட்டிருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986 பெப்ரவரி 5ஆம் நாள் இந்த மலைக்கு வந்து செபித்தார்.

வரலாறு படிக்கும் பிள்ளைகள் இருப்பதால் இதையும் சொல்கிறேன், சமயத்தோடு தொடர்பில்லாததாயினும். 1802இல் லாம்டன் இந்திய நிலப்பரப்பை முக்கோண முறையில் அளக்கத் தொடங்கியபோது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் அடிக்கோட்டை அளந்தது இந்த மலையை ஒட்டிய சமவெளியில்தான். இமயத்தின் உச்சிகள் வரை சென்ற அளவை வேலைக்குத் தொடக்கம் அது. இன்று அதே பக்கமாகப் பார்த்தால் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதை தெரியும்.

போக்குவரத்துக்குக் கவலை இல்லை. கடற்கரை–தாம்பரம் மின்சார இரயிலில் கிண்டிக்கு அடுத்தது பரங்கிமலை நிலையம். மெட்ரோவும் அங்கே வருகிறது.

பதில்: சைவ வாசகர், வில்லூன்றியடி

கோணேசரைப் பற்றிய கேள்வி வந்திருப்பதால், அந்த மலையடியில் வளர்ந்தவன் என்ற உரிமையோடு எழுதுகிறேன். கேட்ட ஆசிரியையின் மனம் எனக்குப் புரிகிறது. 1620களின் தொடக்கத்தில் கொன்ஸ்தந்தினோ டி சா தலைமையில் போர்த்துக்கேயர் நம் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே கோட்டைக்கு எடுத்தார்கள். கோட்டை வாசலில் இணைக்கயல் சின்னத்தையும் கல்வெட்டுத் துண்டையும் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் போர்த்துக்கேயர் எழுப்பிய எந்த மலை ஆலயத்தைப் பற்றிக் கேட்டாலும் அதே ஐயம் முதலில் எழுவது இயல்பு.

ஆனால் ஓரிடத்தில் நடந்ததை இன்னோரிடத்துக்குச் சான்றாக வைக்க முடியாது. சென்னையில் இந்தக் கேள்வி எழுவது மலையைக் குறித்து அல்ல, மயிலாப்பூர்க் கடற்கரையைக் குறித்து. பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்தது என்பதும், இன்றைய கோயில் போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னர் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது என்பதும் மயிலையில் உறுதியாக நிலவும் வழக்கு. சாந்தோம் பகுதியில் பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தும் இருக்கின்றன. அதைக் கத்தோலிக்க இளையோர் அறிந்திருப்பது நல்லதென்றே நினைக்கிறேன். சகோதரி அதை மறைக்க வேண்டியதில்லை. தம் சமயத்தவர் ஒரு காலத்தில் செய்ததை அறிந்தும் தம் நம்பிக்கையில் உறுதியாக நிற்கக்கூடிய வயதுதான் அவர்களுக்கு.

மலையின் கதை வேறு. அங்கே 1547இல் தோண்டியபோது மேலே வந்தது பாரசீக எழுத்துள்ள சிலுவை. அந்த உச்சியில் போர்த்துக்கேயருக்கு முன்பே இருந்ததாகக் கல் காட்டுவது ஒரு கிறிஸ்தவ வழிபாட்டிடத்தை. அதே வேளை சைவர்களுக்கும் அந்த மலைமேல் ஒரு மரபு உண்டு. பிருங்கி முனிவர் அங்கே தவம் இருந்தார் என்பது மலைக்கு அருகில் ஆதம்பாக்கத்தில் இருக்கும் நந்தீசுவரர் கோயிலின் தலபுராணம். சோழர் காலக் கல்வெட்டுகளை உடைய கோயில் அது. ஒரே குன்றை இரு சமயத்தவர் தத்தம் முறையில் புனிதமாகக் கருதி, ஒருவர் உச்சியிலும் மற்றவர் அடியிலும் வழிபட்டிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் மலையிலிருந்து இறங்கியதும் நந்தீசுவரர் கோயில் வாசல்வரை ஒருமுறை போய்வந்தால், உங்களுடன் கற்பிக்கும் ஆசிரியையின் கேள்விக்கு அதுவே மரியாதையான பதிலாக அமையும்.

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையில் நின்று கடலைப் பார்க்கும் கத்தோலிக்க நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. நானும் பரங்கிமலைக்கு ஒருநாள் போக வேண்டும் என்ற ஆவல் ஐயாவின் பதிலைப் படித்த பிறகு வந்திருக்கிறது.

மறுகேள்வி: மறையாசிரியை, திருகோணமலை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நந்தீசுவரர் கோயிலைப் பற்றிப் பங்குத்தந்தையிடம் பேசினேன். பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்.

ஐயா, இரண்டு மட்டும் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது. சிலுவை இரத்தம் வியர்த்தது என்பதை எப்படிச் சொல்வது? பிள்ளைகளின் பாட்டிமார் அதைத்தான் முதலில் சொல்லி அனுப்புவார்கள். இரண்டாவது, பாரசீகக் கிறிஸ்தவர்கள் தமிழ்க்கரை வரை வந்திருந்தால் நம் இலங்கைக்கும் வந்திருப்பார்களே. அதற்கு இங்கே ஏதும் சான்று உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், உப்புவெளி

முதல் கேள்வியை முதலில் எடுக்கிறேன். போர்த்துக்கேயர் காலக் குறிப்புகளின்படி, 1558 டிசம்பர் 18ஆம் நாள் திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது சிலுவைக் கல் நிறம் மாறி ஈரம் கசிந்தது. கூடியிருந்தோர் அதை இரத்தமாகக் கண்டார்கள். அது மாதாவின் எதிர்பார்ப்புத் திருநாள், கிறிஸ்து பிறப்புக்கு ஒரு வாரம் முன். பின்னரும் பல ஆண்டுகள் அதே நாளில் இவ்வாறு நிகழ்ந்ததாகவும் 1704இல் நிகழ்ந்ததே கடைசி என்றும் திருத்தலத்தின் மரபு கூறுகிறது.

இதைச் சொல்லும்போது, நடந்ததாக யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்பதைச் சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நம் திருச்சபை இத்தகைய நிகழ்வுகளை விசுவாசத்தின் கட்டாயப் பகுதியாக எவர்மேலும் சுமத்துவதில்லை. நம்புகிற பாட்டியும் ஐயப்படுகிற பேரனும் அதே பீடத்தின் முன் அதே திருப்பலியில் பங்குகொள்ள முடியும். கல்லில் ஈரம் கசிவதற்கு இயற்கைக் காரணம் தேடி ஒரு விளக்கத்தை நீங்கள் முன்வைக்கவும் வேண்டாம். கடைசி நிகழ்வுக்கே மூன்று நூற்றாண்டுகள் கடந்துவிட்ட நிலையில் அந்த விளக்கம் ஊகமாகவே நிற்கும். ஒன்றை மட்டும் அவர்கள் கவனிக்கட்டும். கல் கிடைத்துப் 11 ஆண்டுகளுக்குப் பின்னரே அந்த நிகழ்வு பதிவாகிறது. அதற்கு முன்பே அந்தக் கல் பீடத்தில் ஏற்றப்பட்டு வணங்கப்பட்டது. அற்புதத்தால் பிறந்த வணக்கம் அல்ல அது.

மாதா படத்துக்கும் இதே முறை பொருந்தும். லூக்கா வரைந்தவை என்று போற்றப்படும் படங்கள் உலகின் பல திருத்தலங்களில் இருக்கின்றன, உரோமையிலும் உண்டு. ஒரு படத்தின் தொன்மையையும் மேன்மையையும் சொல்ல அக்காலக் கிறிஸ்தவர்கள் கையாண்ட வழி அது. பிள்ளைகள் படத்தை வணங்கட்டும். வரைந்தவர் யார் என்பதில் வாதிட வேண்டாம்.

தோமையாரின் வருகையைக் குறித்துத் திருச்சபை என்ன சொல்கிறது என்று யாராவது கேட்டால், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2006 செப்டெம்பர் 27ஆம் நாள் பொது மறையுரையில் சொன்னதை நினைவில் வைத்திருங்கள். தோமையார் சிரியாவிலும் பாரசீகத்திலும் போதித்து மேற்கு இந்தியாவரை சென்றார், அங்கிருந்து கிறிஸ்தவம் தென்னிந்தியாவையும் அடைந்தது என்ற மரபை அவர் குறிப்பிட்டார். தென்னிந்தியக் கிறிஸ்தவர்கள் பலர் அப்போது மனம் வருந்தினார்கள். திருத்தூதர் நேரடியாகத் தம் மண்ணை மிதித்தார் என்பது அவர்களுக்கு அவ்வளவு முக்கியம். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். என்னைக் கேட்டால், மயிலாப்பூர் மரபு பல நூற்றாண்டுகளாக, வெவ்வேறு மொழியினராலும் சமயத்தினராலும் ஒரே இடத்தைச் சுட்டியே சொல்லப்பட்டு வந்திருப்பது எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. முடிந்த முடிவாகச் சொல்ல அது போதாது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

இலங்கையைப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் உண்டு. 6ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழ 550இல், அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மாஸ் என்ற வணிகத் துறவி எழுதிய நூலில், தப்ரபேன் தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் ஆலயம் ஒன்று இருப்பதாகவும், அதற்குப் பாரசீகத்தில் நியமிக்கப்பட்ட குருவும் திருத்தொண்டரும் முழுமையான வழிபாட்டு முறையும் இருப்பதாகவும் குறித்திருக்கிறார். தப்ரபேன் என்பது நம் நாடு. அந்த ஆலயம் வணிகர்களுக்கானது என்றே தோன்றுகிறது. கடல்வழியில் குதிரையும் முத்தும் மிளகும் சென்ற பாதையில்தான் அவர்களுடைய செபமும் சென்றது.

இதற்குக் கல்லிலும் சான்று கிடைத்திருக்கிறது. 1912இல் அநுராதபுரத்தில் நடந்த அகழாய்வில், வழவழப்பாக்கப்பட்ட கருங்கல் தூண் ஒன்றில் செதுக்கிய சிலுவை வெளிப்பட்டது. அப்போதைய தொல்பொருள் ஆணையாளர் அயர்ட்டன் அதைப் போர்த்துக்கேயருடையது என்று எண்ணினார். 1924இல் அவருக்குப் பின் வந்த ஹோகார்ட், அது பாரசீகத் திருச்சபையைச் சேர்ந்த பழைய சிலுவை என்று எடுத்துக்காட்டினார். படிகள் கொண்ட பீடத்தின்மேல் நிற்கிறது அது. அடியிலிருந்து இருபுறமும் இலைகள் வளைந்து எழுகின்றன. பரங்கிமலைச் சிலுவையின் அடியிலும் இதழ்கள் விரிந்திருக்கின்றன. மேலே புறா ஒன்று இறங்கிவருகிறது. இருபுறமும் தூண்களும் மேலே வளைவும், அந்த வளைவைச் சுற்றிப் பகலவி எழுத்தும் இருக்கின்றன. இரண்டிலும் ஆண்டவரின் உடல் இல்லை. துன்புறும் உருவம் இல்லாமல், துளிர்விடும் மரமாகச் சிலுவையைக் காட்டுவது கீழைத் திருச்சபையின் வழக்கம். நம் ஆலயங்களில் பாடுபட்ட சுரூபத்தையே பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்கும். அவர்களாகவே கேட்கும் வரை காத்திருந்து விளக்குங்கள்.

ஆகவே என் யோசனை இது. சென்னைக்குப் போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை ஹொரவப்பொத்தானை வழியாக அநுராதபுரத்துக்கு அழைத்துச் சென்று, தொல்பொருள் நூதனசாலையில் அந்தச் சிலுவையைக் காட்டிவிடுங்கள். காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். அதைப் படம் வரைந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு பரங்கிமலையில் பீடத்துக்கு மேலே பார்க்கும்போது எது ஒத்திருக்கிறது, எது வேறுபடுகிறது என்று அவர்களே எழுதட்டும். டிசம்பர் 18ஆம் நாளை ஒட்டி மலையில் கூட்டம் அதிகமாக இருக்கும். அந்த நாளிலேயே போவதாக இருந்தால், பீடத்தருகே சென்று கல்லைப் பார்ப்பதற்குத் திருத்தல அதிபரிடம் முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.